அரசுப் பணம் தாமதமாகும் மாதங்களில் டேகேரை நடத்துவது எப்படி: அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வீட்டிலேயே டேகேர் நடத்துபவரானாலும், தனிக் கட்டடத்தில் மையம் நடத்துபவரானாலும், மானியம் பெறும் குடும்பத்தின் பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து அவர் அரசுக்குக் கடன் கொடுப்பவராகவும் ஆகிவிடுகிறார். பல மாநிலங்களில் பிள்ளையை இந்த மாதம் பார்த்துக்கொள்கிறோம். சம்பளம், வாடகை, உணவு எல்லாவற்றுக்கும் இந்த மாதமே பணம் போகிறது. அதற்குரிய மானியமோ அடுத்த மாதம்தான் கணக்கில் ஏறுகிறது. வழக்கமான காலத்தில் சில வாரங்களாக இருக்கும் இந்த இடைவெளி, மாநிலச் சட்டமன்றத்தில் பட்ஜெட் முடங்கினாலோ, வாஷிங்டனில் அரசு அலுவலகங்கள் மூடப்பட்டாலோ, பணம் வழங்கும் முகமை தன் கணினி முறையை மாற்றினாலோ மாதக்கணக்கில் நீண்டுவிடும். இல்லினாய் மாநிலம் 2015 ஜூலை முதல் 2017 ஜூலை வரை முழுமையான பட்ஜெட் இல்லாமலே ஓடியது. பென்சில்வேனியாவில் 2025 ஜூலை தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய பட்ஜெட், நவம்பர் 12 அன்றுதான் கையெழுத்தானது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாட்கள், ஃபெடரல் அரசே முடங்கிக் கிடந்தது.

இவற்றில் எதையும் ஒரு டேகேர் உரிமையாளரால் தடுக்க முடியாது. ஆனால் தாமதத்தைவிட, அது தொடங்கிய முதல் சில வாரங்களில் பதற்றத்தில் எடுக்கும் ஒரு முடிவு, அதாவது தவறான இடத்தில் வாங்கிய கடனோ கட்டாமல் விட்ட சம்பள வரியோதான், பெரிய சேதத்தை உண்டாக்குகிறது என்பது என் கருத்து. ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் எதை எந்த வரிசையில் செய்வது என்பதைப் பற்றியது.

முதல் படி: எந்தப் பணம் நின்றிருக்கிறது என்று பிரித்தறிதல்

"அரசுப் பணம் வரவில்லை" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. ஒரே டேகேருக்கு மூன்று நான்கு வழிகளில் பணம் வரலாம். ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி விதி, தனித் தேதி உண்டு.

பெரும்பாலோர் 'சப்சிடி' அல்லது 'வவுச்சர்' என்று அழைப்பது சி.சி.டி.எஃப். எனப்படும் ஃபெடரல் நிதியிலிருந்து வருவது. 1990-இல் இயற்றப்பட்டு 2014-இல் புதுப்பிக்கப்பட்ட சட்டத்தின்கீழ் இந்தப் பணம் மாநிலங்களுக்குப் போகிறது. மாநிலம் தன் பங்கையும் சேர்த்து, நேரடியாகவோ, கவுண்ட்டி வழியாகவோ, ஒப்பந்த முகமை வழியாகவோ உங்களுக்குத் தருகிறது. உணவுக்கான தொகை முற்றிலும் வேறொரு துறையிலிருந்து, அதாவது வேளாண்மைத் துறையின் சி.ஏ.சி.எஃப்.பி. திட்டத்திலிருந்து வருகிறது, வீட்டு டேகேர்கள் இதை 'ஸ்பான்சர்' எனப்படும் இடைநிலை அமைப்பின் மூலமே பெற முடியும். குறைந்த வருமானக் குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டத்தின் மானியம் ஃபெடரல் அரசிடமிருந்து உள்ளூர் நிறுவனத்துக்கு நேரடியாக வருகிறது. மாநிலத்தின் ப்ரீ-கே (பள்ளிக்கு முந்தைய வகுப்பு) ஒப்பந்தம் இருந்தால் அது மாநிலப் பட்ஜெட்டைச் சார்ந்தது.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதை 2025-இன் நிகழ்வுகளே காட்டின. பென்சில்வேனியாவில் மாநிலப் பட்ஜெட்டை நம்பியிருந்த ப்ரீ-கே கவுண்ட்ஸ் திட்டத்துக்குப் பணம் நின்றது. ஃபெடரல் அரசு முடங்கியபோது, நவம்பர் 1 அன்று புதிய மானிய ஆண்டு தொடங்கவேண்டியிருந்த ஹெட் ஸ்டார்ட் நிறுவனங்கள் அதிகம் பாதிக்கப்பட்டன. முடக்கம் இல்லாத மாதத்தில் மானிய ஆண்டு தொடங்கும் நிறுவனங்கள் கையிலிருந்த பணத்தில் தொடர்ந்து நடந்தன. ஒரே செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரண்டு டேகேர்களின் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. எனவே ஒரு தாளில் ஒவ்வொரு வரவுக்கும் எதிரே, பணம் தருவது யார், எந்தக் காலத்துக்குரியது, கோரிக்கை அனுப்பிய தேதி, வழக்கமாகப் பணம் ஏறும் தேதி, பேசவேண்டியவரின் பெயர் ஆகியவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தாமதம் அவர்களுடையதா, நம் கோரிக்கையுடையதா?

பட்ஜெட் முடக்கம் என்ற செய்தி வந்ததும், வராத ஒவ்வொரு டாலருக்கும் அதுவே காரணம் என்று எண்ணிக் காத்திருப்பது எளிது. உண்மையில் நின்றுபோன பணத்தில் ஒரு பகுதி, ஒரு பிள்ளைக்கான அனுமதிக் கடிதம் காலாவதியானதாலோ, வருகைப் பதிவேட்டில் பெற்றோர் கையெழுத்து ஒரு நாள் விடுபட்டதாலோ, வங்கிக் கணக்கை மாற்றியதைத் தெரிவிக்காததாலோ, உரிமம் புதுப்பித்த நகல் அலுவலகத்துக்குப் போகாததாலோ நின்றிருக்கும். அரசு திறந்தாலும் இந்தப் பணம் தானாக வராது.

முகமையை அழைக்கும்போது "எப்போது பணம் வரும்?" என்று கேட்டால் "விரைவில்" என்றுதான் பதில் கிடைக்கும். மாறாக, "இந்த மாதக் கோரிக்கை உங்கள் முறையில் எந்த நிலையில் இருக்கிறது? எந்தத் தேதியில் அங்கீகரிக்கப்பட்டது? பணம் அனுப்பும் பிரிவுக்குப் போய்விட்டதா, அல்லது ஏதேனும் ஒரு பிள்ளையின் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு அழைப்பையும் தேதி, பேசியவர், சொன்ன பதில் என்று ஒரு நோட்டில் எழுதி, அன்று மாலையே "இன்று நீங்கள் கூறியதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்" என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். பின்னால் நில உரிமையாளரிடமோ, வங்கியிடமோ, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலோ காட்டுவதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

உணவுத் திட்டத்தில் சில கெடுக்கள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு மாதத்துக்கான கோரிக்கை அம்மாதம் முடிந்த 60 நாட்களுக்குள் மாநில முகமைக்குப் போய்ச் சேர வேண்டும்; சரியான கோரிக்கைக்கு மாநிலம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும்; அந்தப் பணம் ஸ்பான்சரிடம் வந்ததும் அவர் 5 வேலை நாட்களுக்குள் வீட்டு டேகேருக்குத் தர வேண்டும். "எப்படியும் பணம் வரப்போவதில்லை, பிறகு அனுப்பலாம்" என்று முடக்க காலத்தில் கோரிக்கையைத் தள்ளிப்போடுபவர்கள் 60 நாள் கெடுவைத் தவறவிட்டு, வரவேண்டிய பணத்தையே இழக்கிறார்கள். ஸ்பான்சர்கள் தங்களுக்கென்று இன்னும் முந்திய தேதி வைத்திருப்பார்கள் என்பதால் அதையும் கேட்டு அறியுங்கள். அரசு மூடியிருந்தாலும் வருகைப் பதிவும் உணவுப் பதிவும் நாள்தோறும் நடக்க வேண்டும்.

சி.சி.டி.எஃப். பணத்தைப் பொறுத்தவரை, பிள்ளை வந்த நாட்களுக்கு என்றில்லாமல் பதிவின் அடிப்படையிலும், மாத முடிவில் என்றில்லாமல் முன்கூட்டியும் பணம் தரவேண்டும் என்று 2024-இல் ஒரு ஃபெடரல் விதி வந்தது. பல மாநிலங்கள் அதற்கு அவகாசம் வாங்கிக்கொண்டன. விதியும் அரசுகள் மாறும்போது மாறக்கூடியது. உங்கள் மாநிலத்தில் இன்று எது நடைமுறை என்பதை நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்வதே பாதுகாப்பு.

மூன்றாம் படி: எத்தனை வாரம் தாங்கும் என்று கணக்கிடுதல்

ஒரு தாளில் பதின்மூன்று வாரங்களுக்குக் கட்டம் போட்டு, ஒவ்வொரு வாரமும் உறுதியாக வரும் பணத்தையும் கட்டாயமாகப் போகும் பணத்தையும் எழுதுங்கள். மானியத்தை வரவில் சேர்க்காதீர்கள்.

ஒரு கற்பனை வீட்டு டேகேரை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பிள்ளைகள், மூவர் முழுக் கட்டணம் தருபவர்கள், வாரத்துக்கு $250 வீதம் $750. மானியத்தில் வரும் ஐவரின் கோபே, அதாவது பெற்றோர் தம் பங்காகக் கட்டும் தொகை, $30 வீதம் $150. மானியம் ஐவருக்கும் சேர்த்து $1,000. செலவில், உதவியாளரின் சம்பளமும் வரியும் $650, வாடகையில் டேகேரின் பங்கு $450, உணவு $220, காப்பீடும் மின்சாரமும் $130, ஆக $1,450. நல்ல மாதத்தில் வாரம் $1,900 வந்து, உரிமையாளர் கையில் $450 நிற்கிறது. மானியம் நின்றால் வரவு $900. உரிமையாளர் தனக்கென்று ஒரு காசும் எடுக்காவிட்டாலும் வாரம் $550 துண்டு விழுகிறது. வங்கியில் $3,300 இருந்தால் ஆறு வாரம் தாங்கும். இந்த நேரத்தில் முழுக் கட்டணப் பிள்ளை ஒருவர் விலகிவிட்டால், துண்டு $800 ஆகி, நான்கு வாரத்தை ஒட்டியே பணம் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு, எந்த வாரத்துக்குள் எதைச் செய்தாக வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆறு வாரம் தாங்கும் என்றால் இரண்டாம் வாரத்திலேயே பேச்சுவார்த்தைகளைத் தொடங்க வேண்டும். ஐந்தாம் வாரத்தில் தொடங்கினால் எதிரில் இருப்பவர் உங்கள் குரலிலேயே நெருக்கடியைக் கண்டுகொள்வார், நிபந்தனைகளும் அதற்கேற்பக் கடுமையாகும்.

வீட்டு டேகேர் நடத்தும் நம்மவர்களில் பலர், துணைவரின் சம்பளத்திலிருந்து எடுத்து டேகேர் செலவை ஓட்டிவிடுகிறார்கள். அதில் தவறில்லை; ஆனால் டேகேருக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, வீட்டுப் பணத்தை அதில் போட்ட தேதியையும் தொகையையும் "உரிமையாளர் இட்ட பணம்" என்று எழுதிவைக்க வேண்டும். அது வருமானமல்ல; எழுதிவைக்காவிட்டால் வரி நேரத்தில் வருமானத்தோடு கலந்து குழப்பும்.

நான்காம் படி: யாருக்கு முதலில் கட்டுவது

பணம் குறையும்போது அதிகமாகக் கத்துபவருக்கு முதலில் கட்டத் தோன்றும். கட்டாவிட்டால் டேகேரே நின்றுபோகும் செலவுகளை முன்னால் வைப்பதே சரியான வரிசை.

முதலிடம் பணியாளர் சம்பளத்துக்கு. செய்த வேலைக்குரிய சம்பளத்தை உரிய நாளில் தராமலிருப்பது சட்டமீறல். "மானியம் வந்ததும் தருகிறேன்" என்று பணியாளரே மனமுவந்து ஒப்புக்கொண்டாலும் அது உங்களைக் காப்பாற்றாது.

சம்பளத்தோடு பிரிக்க முடியாதது சம்பள வரி. பணியாளரின் சம்பளத்திலிருந்து பிடித்த வருமான வரியும், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பங்குகளும் உங்கள் பணமல்ல. அதை எடுத்து வாடகை கட்டிவிட்டுப் பிறகு ஃபெடரல் வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தரலாம் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் நான் அறிந்த மிக அபாயமான எண்ணம். உரிய நாளில் செலுத்தாவிட்டால் தாமதத்தைப் பொறுத்து 2%, 5%, 10% என அபராதம் ஏறும். வேண்டுமென்றே செலுத்தாமல் விட்டதாகக் கருதப்பட்டால், பிடித்து வைத்த தொகைக்குச் சமமான அபராதத்தைப் பொறுப்பானவரின் தனிப்பட்ட சொத்திலிருந்தே வசூலிக்க முடியும். நிறுவனத்தை மூடினாலும் அந்தக் கடன் உங்களைத் தொடரும்.

அடுத்து வருபவை பொறுப்புக் காப்பீடும், உரிமத்தோடு தொடர்புடைய கட்டணங்களும். காப்பீடு ஒருநாள் அறுந்தாலும் உரிமத்துக்கு ஆபத்து வரக்கூடும். உரிமம் இல்லையேல் மானியமும் இல்லை. பிறகு பிள்ளைகளின் உணவு, வாடகை அல்லது வீட்டுக்கடன், மின்சாரம். கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தவணையை மட்டும் கட்டினால் போதும். விளையாட்டுப் பொருட்கள், சந்தாக்கள், வாசல் சீரமைப்பு எல்லாம் காத்திருக்கலாம்.

உங்கள் சொந்த வருமான வரியைக் கட்டப் பணம் இல்லையென்றாலும், கணக்கை மட்டும் நேரத்துக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். தாக்கல் செய்யாததற்கான அபராதம் கட்டவேண்டிய வரியில் மாதம் 5%. தாக்கல் செய்து பணம் கட்டாததற்கு மாதம் 0.5%. பத்து மடங்கு வேறுபாடு இது. மீதியைத் தவணையில் கட்ட ஐ.ஆர்.எஸ்.ஸிடம் விண்ணப்பிக்கலாம்.

ஐந்தாம் படி: கெடு வருவதற்கு முன் பேசுதல்

வாடகைக்காரர் கெடு தேதிக்குப் பின் சொல்லும் காரணத்துக்கும், முன்னரே எழுதித் தரும் திட்டத்துக்கும் நில உரிமையாளரிடம் கிடைக்கும் மதிப்பு வேறு. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: மாநிலம் எனக்கு இத்தனை டாலர் தரவேண்டியிருக்கிறது, அதற்கான கோரிக்கை நகல் இணைப்பில் உள்ளது, இம்மாத வாடகையில் பாதியை முதல் தேதியே தருகிறேன், மீதியை மானியம் வந்த ஐந்து நாட்களுக்குள், எப்படியாயினும் இன்ன தேதிக்குள் தருகிறேன். அந்தக் கடைசித் தேதியை உங்கள் பதின்மூன்று வாரத் தாளைப் பார்த்து எழுதுங்கள். நிறைவேற்ற முடியாத தேதியை எழுதுவதைவிட, எழுதாமலே இருக்கலாம். ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மின்சாரம், எரிவாயு நிறுவனங்களிடம் தவணைத் திட்டம் கேட்பது இதைவிட எளிது.

பெற்றோரிடம் பேசுவதில் கூடுதல் கவனம் தேவை. மாநிலம் தரவேண்டிய பங்கை மானியக் குடும்பத்திடம் கேட்பதைப் பல மாநில ஒப்பந்தங்கள் தடைசெய்கின்றன. கோபேயைத் தவறாமல் வசூலிக்கவும் அவை எதிர்பார்க்கின்றன. எனவே ஒப்பந்தத்தைப் படிக்காமல் "இம்மாதம் நீங்களே கொடுங்கள், பிறகு திருப்பித் தருகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். முழுக் கட்டணம் தரும் குடும்பங்களிடம், விருப்பமுள்ளவர்கள் ஒரு மாதக் கட்டணத்தை முன்பணமாகத் தந்தால் சிறு தள்ளுபடி தருவதாக எழுத்தில் சொல்லலாம். ஆனால் முன்பணம் என்பது வருங்கால வாரங்களை விற்றுப் பெறுவது. பெறும் நாளிலேயே அந்த வாரங்களின் வரவைத் தாளில் அடித்துவிடுங்கள்.

வருமானத்தைக் கூட்ட உரிமத்தில் சொன்னதற்கு மேல் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதும், பணியாளர் விகிதத்தைக் குறைப்பதும் எந்த நெருக்கடியிலும் கூடாது. ஒரு திடீர் ஆய்வு போதும்.

ஆறாம் படி: கடன் வாங்குவதானால்

கடனைத் தேவைப்படாதபோது ஏற்பாடு செய்வதே உத்தமம். கணக்கு நன்றாக இருக்கும் மாதத்தில் உங்கள் வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ 'லைன் ஆஃப் கிரெடிட்' எனப்படும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வசதியைத் திறந்துவைத்தால், எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. சில இடங்களில் சிறு ஆண்டுக் கட்டணம் இருக்கும். துண்டு விழத் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் வங்கி அந்தத் துண்டைத்தான் முதலில் பார்க்கும்.

அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் சி.டி.எஃப்.ஐ. எனப்படும் சமூகநிதி நிறுவனங்களை நாடலாம். லாபத்தைவிட உள்ளூர்த் தொழில்களை நிலைநிறுத்துவதே அவற்றின் நோக்கம், டேகேர்களுக்கெனத் தனித் திட்டம் வைத்திருப்பவையும் உண்டு. சிறுதொழில்களுக்கான ஃபெடரல் முகமையான எஸ்.பி.ஏ.வின் மைக்ரோலோன் திட்டத்தில் $50,000 வரை பெறலாம். லாபநோக்கற்ற டேகேர்களும் இதற்குத் தகுதியுடையவை. விண்ணப்பத்தைத் தயாரிக்க எஸ்.பி.டி.சி. எனப்படும் சிறுதொழில் ஆலோசனை மையங்களில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது. மாநிலமே சில வேளைகளில் இடைக்கால உதவிக்கு முன்வரும். 2025 முடக்கத்தின்போது பென்சில்வேனியக் கருவூலம் கவுண்ட்டிகளுக்கும் ஹெட் ஸ்டார்ட் நிறுவனங்களுக்கும் குறுகியகாலக் கடன் தர முன்வந்தது.

தவிர்க்கவேண்டியது 'மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ்'. இரண்டே நாளில் $10,000 தருகிறோம் என்பார்கள். அதில் வட்டி என்ற சொல்லே இருக்காது, 1.3 என்று ஒரு பெருக்கெண் மட்டும் இருக்கும். அதன் பொருள் நீங்கள் $13,000 திருப்பித் தரவேண்டும் என்பது. அதையும் ஆறு மாதத்துக்குள், நாள்தோறும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நாளும் அசல் குறைந்துகொண்டே போவதால் உண்மையான ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். மானியம் எந்த நாளில் வரும் என்று தெரியாத தொழிலுக்கு, தினமும் பணம் உருவும் கடனைவிடப் பொருந்தாதது வேறில்லை.

கடன் தொகையை முடிவுசெய்யும்போது, நிலுவையிலுள்ள உறுதியான மானியத் தொகைக்கு மேல் ஒரு டாலரும் வாங்காதிருப்பது நல்ல எல்லை. வரவேண்டிய பணத்தை எதிர்பார்த்து வாங்குவது இடைக்காலக் கடன். அதற்கு மேற்பட்டது டேகேரின் நிரந்தர நட்டத்தை மூடுவதற்கான கடன், அதற்கு வேறு விதமான யோசனை தேவை.

ஏழாம் படி: பணியாளர்களை வைத்துக்கொள்ளுதல்

பயிற்சி பெற்று, பின்னணிச் சோதனை முடிந்த ஒரு பணியாளரை இழந்தால், மானியம் வந்த பிறகும் வகுப்பைத் திறக்க முடியாமல் போகும். நிலைமையை அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நேரத்தைக் குறைக்கவேண்டி வந்தால், செய்யப்போகும் வேலைக்கு முன்னரே அறிவித்துக் குறையுங்கள். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், ஆட்களை நீக்காமல் எல்லோருடைய நேரத்தையும் குறைக்கும் நிறுவனங்களின் பணியாளர்களுக்கு, வேலையிழப்புக் காப்பீட்டிலிருந்து பகுதித் தொகை தரும் 'ஒர்க் ஷேர்' திட்டம் இருக்கிறது. உரிமையாளர்தான் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதாலேயே பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

எட்டாம் படி: தனியாகக் காத்திராமை

டேகேர்களுக்கும் பெற்றோருக்கும் வழிகாட்டும் உங்கள் வட்டாரத்தின் 'சைல்ட் கேர் ரிசோர்ஸ் அண்ட் ரெஃபரல்' முகமைக்குத் தாமதம் எந்த அளவில் பரவியிருக்கிறது, அவசர உதவித்தொகை ஏதேனும் திறந்திருக்கிறதா என்பது முதலில் தெரியவரும். கலிஃபோர்னியா, இல்லினாய் போன்ற சில மாநிலங்களில் மானியப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு டேகேர்காரர்களுக்குத் தொழிற்சங்கமே இருக்கிறது. மானியத் தாமதம் பற்றி மாநிலத்தோடு பேச அதற்கு அதிகாரபூர்வ வழி உண்டு. மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் தொகுதி மக்களின் குறைகளைக் கவனிக்கவென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் படியில் சொன்ன நோட்டோடும், "எத்தனை பிள்ளைகள், எத்தனை வாரம், எத்தனை டாலர், எந்தத் தேதியில் மூட நேரிடும்" என்ற ஒரே பத்தியோடும் அவர்களை அணுகினால், முகமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது அங்கிருந்து போகும். குடியுரிமை இல்லாதவர்கள் இதற்குத் தயங்கவேண்டியதில்லை. தொகுதியில் வாழ்ந்தால் போதும்.

நிலுவை வந்து சேரும்போது

மொத்தமாக வந்த பணம் சரியாகவும் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலுவைகளை அவசரமாகத் தீர்க்கும் காலத்தில் ஒரு பிள்ளையின் ஒரு வாரம் விடுபடுவதும், ஒரே வாரம் இருமுறை வருவதும் நடக்கும். பிள்ளைவாரியாக, வாரவாரியாக உங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டு, குறைவாக வந்ததற்கு உடனே திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். அதற்கும் கெடு உண்டு. கூடுதலாக வந்ததையும் தெரிவித்துவிடுங்கள், ஏனெனில் முகமை அதைப் பின்னொரு மாதத்தில் சொல்லாமல் பிடித்துக்கொள்ளும்போது மீண்டும் துண்டு விழும்.

பிறகு இடைக்காலக் கடனை அடைத்து, ஒத்திவைத்த வாடகையைத் தந்து, மீதியில் ஒரு பங்கைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். ரொக்க அடிப்படையில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வருமானம் என்பது பணம் கைக்கு வந்த ஆண்டைச் சேர்ந்தது. நவம்பர், டிசம்பர் மாத மானியம் ஜனவரியில் வந்தால் அது புதிய ஆண்டின் வருமானம். அந்த ஆண்டின் காலாண்டு முன்வரியைக் கணக்கிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் உங்களுக்குத் தந்த பணத்தைக் காட்டி மாநிலம் அனுப்பும் 1099 வரிப் படிவத்திலுள்ள தொகையையும் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய தேதிகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.